அவுட்போர்டிலிருந்து பாய்மரப் படகின் பேட்டரிக்கு மின்னேற்றுவது: மஞ்சள் ஒயர் இரண்டும் ஒரு கேள்வியும்

கேள்வி: ‘பரவனாறு’ (புனைபெயர்), கடலூர் முதுநகர்
2024 ஆகஸ்ட் 18

என்னிடம் 18 அடி நீளமுள்ள ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. பின்பலகையில் 6 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகுக்கு வெளியே மாட்டும் வகை). கயிறு இழுத்துக் கிளப்பும் வகை. மேல்மூடியைக் கழற்றினால், ஃப்ளைவீலுக்கு (இஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) அடியிலிருந்து இரண்டு மஞ்சள் ஒயர்கள் வந்து எதனோடும் சேராமல் ஓரமாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. “அது சார்ஜிங் ஒயர்தான், பேட்டரியில் மாட்டிவிடுங்கள்” என்கிறார் மெக்கானிக். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி, விளக்கு, ஜி.பி.எஸ்., கடலில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். ரேடியோ ஆகியவைதான் சுமை. நேரடியாக மாட்டலாமா?

பதில்: தேங்காய்த்திட்டு, புதுச்சேரி
2024 ஆகஸ்ட் 18, இரவு

மாட்டக் கூடாது. அந்த ஒயர்களில் வருவது மாறுதிசை மின்னோட்டம். பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்னோட்டம். நேரடியாக மாட்டினால் மின்னேற்றம் நடக்காது என்பதோடு, அந்த ஒயர்கள் புறப்படும் கம்பிச் சுருளின் மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால், பேட்டரி தன் முழு வலுவையும் அந்தச் சுருளுக்குள் கொட்டும். சுருள் கருகும், அல்லது ஒயரின் உறை உருகும்.

ஃப்ளைவீலின் உட்புறத்தில் நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை சுழலும்போது அடியில் நிலையாக இருக்கும் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடுகிறது. பழைய மோட்டார் சைக்கிள்களில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் முன்விளக்கு பிரகாசமாகி, விட்டால் மங்குமே, அதே கதைதான். இரண்டிலும் இருப்பது ‘மேக்னட் காயில்’ என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் ஒரே ஏற்பாடு.

ஆகவே ஒயர்களுக்கும் பேட்டரிக்கும் இடையில் இரண்டு பொருள்கள் வேண்டும்: மாறுதிசையை நேர்திசையாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், மின்னழுத்தம் 14.4 வோல்ட்டைத் தாண்டாமல் பிடித்துவைக்கும் ரெகுலேட்டர். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அதுதான் ஆர்.ஆர். (ரெக்டிஃபயர்-ரெகுலேட்டர்) யூனிட்.

2024 ஆகஸ்ட் 19

நேற்றைய குறிப்பில் சேர்க்க வேண்டிய ஒன்று. எதை வாங்குவதற்கும் முன்னால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒவ்வொரு மஞ்சள் ஒயருக்கும் இஞ்சினின் உலோக உடலுக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றால் சுருள் தனித்து மிதக்கிறது. நான்கு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கொண்ட பிரிட்ஜை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். ஒரு முனை உடலோடு சேர்ந்திருந்தால் கதை வேறு. பேட்டரியின் நெகடிவ்வும் எப்படியோ உடலைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு இரண்டாவது அரைச்சுற்றிலும் சுருள் ஒரே டயோடு வழியாகத் தன்னைத்தானே ஷார்ட் செய்துகொள்ளும். ஏற்றம் பாதியாகும்; சூடு கூடும். அப்படிப்பட்ட சுருளுக்கு, அலையின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தும் அரை அலை ரெகுலேட்டர்தான் பொருத்தம்.

மற்றொரு எச்சரிக்கை. ஃப்ளைவீலின் அடியில் இக்னிஷனுக்கென்று தனிச் சுருளும் இருக்கும். அதிலிருந்து, ஸ்பார்க்கை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கும் நிறுத்தும் பொத்தானுக்கும் போகும் ஒயர்களில் கை வைக்க வேண்டாம். கடலில் பேட்டரி இல்லாமல் திரும்பி வந்துவிடலாம். வாடைக்காலத்தில் ஸ்பார்க் இல்லாமல் திரும்புவது அத்தனை எளிதன்று.

2024 ஆகஸ்ட் 25

பிரிட்ஜ் எதை வாங்குவது என்று பரவனாறு கேட்டிருக்கிறார். உலோக உறையுடன், நடுவில் துளையுள்ள, 35 ஆம்பியர் சதுரப் பிரிட்ஜ் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். சுருள் தருவது 5 அல்லது 6 ஆம்பியர்தான், பிறகு ஏன் 35 என்றால், சூட்டுக்காக. மின்னோட்டம் எந்த நேரத்திலும் இரண்டு டயோடுகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 0.7 வோல்ட் போகிறது. 5 ஆம்பியரில் 7 வாட் வெப்பம் அந்தச் சிறு சதுரத்திற்குள் உண்டாகிறது. ஆகையால் ஓர் அலுமினியத் தகட்டில், வெப்பக் களிம்பு தடவி, நடுத்துளை வழியாகத் திருகி இறுக்குங்கள். மரத்தில் திருகினால் பயனில்லை.

நான்கு முனைகளில் மூன்று ஒரே திசையில் நிற்கும். ஒன்று மட்டும் குறுக்கே திரும்பி நிற்கும். அதுதான் பாசிடிவ். உறையின் ஒரு மூலை சீவப்பட்டிருக்குமே, அதுவும் அந்த முனைக்கு அருகில்தான். அதற்கு எதிர்மூலையில் இருப்பது நெகடிவ். மீதி இரண்டும் மஞ்சள் ஒயர்களுக்கு. அச்சிட்ட குறிகள் உப்புக்காற்றில் அழிந்துபோனாலும் இந்த அடையாளம் அழியாது.

2024 ஆகஸ்ட் 25, மாலை

“ரெகுலேட்டர் தேவையே இல்லை, எங்கள் படகில் பிரிட்ஜ் மட்டும்தான் இருக்கிறது, பல ஆண்டுகளாக ஓடுகிறது” என்று ‘வாடைக்காற்று’ என்ற புனைபெயர்க்காரர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. தண்ணீர் ஊற்றும் வகைப் பெரிய லெட்-ஆசிட் பேட்டரியோடு 5 ஆம்பியர் சுருளைச் சேர்த்தால், பேட்டரியே மின்னழுத்தத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் குறைந்த நேரமே ஓடுவதால் பேட்டரி முழுமையாக நிறைவதே இல்லை. நிறையாதவரை தொல்லையும் இல்லை. ஆனால் ஒருநாள் காற்று செத்து, கடலூரிலிருந்து புதுச்சேரி வரை மோட்டாரிலேயே வர நேர்ந்தால், பேட்டரி நிறைந்த பிறகும் ஏற்றம் தொடரும். மின்னழுத்தம் 15-ஐத் தாண்டும். டிஸ்டில்டு வாட்டர் வாயுவாகப் பிரிந்து வற்றும். திறக்க முடியாதபடி மூடிய வி.ஆர்.எல்.ஏ. வகையென்றால் வற்றிய நீரைத் திருப்பி ஊற்றவும் வழியில்லை. பரவனாறு வைத்திருப்பது மூடிய வகை என்று தெரிகிறது. அவருக்கு ரெகுலேட்டர் கட்டாயம்.

மோட்டார் சைக்கிளின் ஆர்.ஆர். யூனிட்டைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு: பயன்படுத்தலாம், ஆனால் முழு அலை வகையாக, விளக்குக்கும் சேர்த்தே நேர்திசை மின்சாரம் தரும் வண்டியினுடையதாக இருக்க வேண்டும். முன்விளக்கு நேரடியாகச் சுருளில் எரிந்த பழைய வண்டிகளின் யூனிட்டுகள் பெரும்பாலும், ஒரு முனை உடலோடு சேர்ந்த சுருளுக்கானவை. மூன்று மஞ்சள் ஒயர் உள்ள மூன்று ஃபேஸ் யூனிட் கிடைத்தாலும் நல்லதே. எந்த இரண்டை வேண்டுமானாலும் சுருளோடு இணைத்து, மூன்றாவதை இன்சுலேட் செய்துவிடலாம்.

2024 செப்டம்பர் 8

ஒயரைப் பற்றி. வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி படகுக்கு ஆகாது, அதிர்வில் முறியும். பல இழைக் கம்பி வேண்டும். வெள்ளீயம் பூசிய இழைகளாக இருந்தால் மிக நன்று. பூசாத செம்பு என்றால், வெட்டிய முனையிலிருந்து உப்பு ஈரம் இழைகளின் நடுவே உறிஞ்சப்பட்டு, உறைக்குள்ளேயே ஓரடி தூரத்துக்குப் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். வெளியே பார்த்தால் ஒயர் புத்தம் புதிதாகத் தெரியும். உறையைச் சீவினால்தான் கருத்துப்போன இழைகள் பொடியாக உதிர்வது தெரியும். லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை) நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபைச் சுட்டு மூடுங்கள். பற்றவைப்பை மட்டும் நம்ப வேண்டாம். பற்றவைத்த இடத்தின் விளிம்பில்தான் கம்பி வளைந்து வளைந்து அறும்.

பருமன்: என் படகில் பேட்டரி பின்பலகையை ஒட்டியே இருந்தவரை 2.5 சதுர மி.மீ. போதுமானதாக இருந்தது. எடையைச் சமன்படுத்தப் பேட்டரியைப் பாய்மரத்தின் அடிக்கு நகர்த்திய பிறகு, போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று ஆகிவிட்டது. பத்து மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பின் தடை ஏறத்தாழ 0.074 ஓம், 4 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட் வழியிலேயே கரைகிறது. 4 சதுர மி.மீ.யில் அது 0.18 வோல்ட்டாகக் குறைகிறது. 0.3 வோல்ட் என்ன பெரிய காரியம் என்று தோன்றும். ரெகுலேட்டர் தன் வாசலில் 14.4 வோல்ட்டைக் கண்டதும் ‘நிறைந்துவிட்டது’ என்று முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் பேட்டரியின் முனையில் இருப்பது 14.1-தான். லெட்-ஆசிட் பேட்டரியின் கடைசிக் கால் பங்கு ஏறுவது இந்த இடைவெளியில்தான். நான் 4 சதுர மி.மீ.க்கு மாறினேன்.

2024 செப்டம்பர் 9

ஃபியூஸ் எந்தப் பக்கம்? பேட்டரியின் பக்கம், பாசிடிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். மோட்டாரின் அருகில் ஃபியூஸ் வைத்த படகுகளைப் பார்த்திருக்கிறேன்; அது தவறான இடம். நிலைக்காந்தச் சுருளை ஷார்ட் செய்தாலும் அது தன் இயல்பான அளவைவிடப் பெரிதாக எதையும் தந்துவிடாது. நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி ஒயரை நெருப்பாக்க வல்லது பேட்டரி மட்டுமே. 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

2024 செப்டம்பர் 22

இனி, யாரும் கேட்காத கணக்கு. இதை நான் முதலிலேயே எழுதியிருந்தால், கேட்டவர் பிரிட்ஜ் வாங்கியிருக்கவே மாட்டார் என்று வாடைக்காற்று கேலி செய்கிறார். இருக்கட்டும்.

மோட்டார் வந்த பெட்டியில் ‘12 வோல்ட், 60 வாட்’ என்று போட்டிருப்பது முழு வேகத்தில் கிடைப்பது. ஒயரைக் கவ்வி டி.சி. மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை (மலிவான கிளாம்ப் மீட்டர்கள் ஏ.சி. மட்டுமே அளக்கும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்) பாசிடிவ் ஒயரில் மாட்டி என் மோட்டாரில் பார்த்தேன். ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது) 0.3 ஆம்பியர். பாதித் திராட்டிலில் இரண்டரை. முழுத் திராட்டிலில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. முழுத் திராட்டிலில் 19 அடிப் பாய்மரப் படகை யார் ஓட்டுவார்கள்? படகின் வேகம் ஒரு எல்லையில் நின்றுவிடும். அதற்குமேல் பெட்ரோலும் நுரையும்தான்.

ஐடிலில் ஏன் இவ்வளவு குறைவு என்றால், சுருளின் உச்ச மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்தையும் டயோடுகளின் 1.4 வோல்ட்டையும் சேர்த்துத் தாண்டினால் மட்டுமே மின்னோட்டம் பாயும். ஐடிலில் ஒவ்வோர் அலையின் நுனி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது.

நாங்கள் படகு கட்டுமிடத்திலிருந்து அரியாங்குப்பம் முகத்துவாரத்தைக் கடந்து பாய் விரிக்க ஏறத்தாழ இருபது நிமிடம். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து கிடப்பதால் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். போக இருபது, வர இருபது என்று வைத்து, முழு நேரமும் பாதித் திராட்டில் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் கிடைப்பது 1.7 ஆம்பியர்-மணி.

செலவைப் பாருங்கள். எல்.இ.டி. வழிகாட்டு விளக்குக்கு 0.25 ஆம்பியர், ஜி.பி.எஸ்.ஸுக்கு 0.5, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் வி.எச்.எஃப்.புக்கு 0.4. பத்து மணி நேர இரவுக்கு 11.5 ஆம்பியர்-மணி. ரேடியோவில் 25 வாட்டில் பேசினால் பேசும் நேரம் முழுவதும் 5 ஆம்பியர் தனி. ஏற்றும்போது லெட்-ஆசிட் பேட்டரி விழுங்கும் வீணையும் சேர்த்தால், ஒரு இரவின் கடனை அடைக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் பாதித் திராட்டிலில் ஓட வேண்டும். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டிய பெட்ரோலில்!

ஆகவே என் முடிவு: சுருளை இணையுங்கள், ஆனால் அதை நம்பிப் பேட்டரியைக் காலி செய்யாதீர்கள். மோட்டார் ஓடும் நேரத்துச் சுமையை அது தாங்கும். விட்டுப்போன மின்சாரத்தை அது மீட்டுத் தராது.

2024 செப்டம்பர் 23

‘பேட்டரி இறந்தால் விளக்கில்லாமல் வருவது சட்ட மீறல் ஆகுமா?’ என்று ஒருவர் கேட்டார். சர்வதேசக் கடல்வழி மோதல் தடுப்பு விதிகளின் 25ஆம் விதிப்படி, 7 மீட்டருக்கும் குறைந்த பாய்மரப் படகால் வழக்கமான விளக்குகளைக் காட்ட இயலாவிட்டால், மோதலைத் தவிர்க்கத் தக்க நேரத்தில் காட்டுவதற்கு வெள்ளை ஒளி டார்ச் ஒன்றைக் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தச் சலுகை பாயில் ஓடும்போது மட்டுமே. மோட்டாரைக் கிளப்பிய கணமே உங்கள் படகு விதிகளின் கண்ணில் இயந்திரப் படகு; பாய் விரிந்திருந்தாலும் அப்படித்தான்; விளக்கும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். டார்ச்சுக்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும் என் கருத்து.

2024 அக்டோபர் 13

பரவனாறு இணைப்பை முடித்துப் படம் அனுப்பியிருக்கிறார். வேலை சுத்தமாக இருக்கிறது. இரண்டு இடங்களை மாற்றச் சொல்வேன்.

முதலாவது, சார்ஜிங் ஒயர் மெயின் சுவிட்சின் சுமைப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. மோட்டார் ஓடும்போது யாராவது அந்தச் சுவிட்சை அணைத்தால் பேட்டரி விலகிவிடும். சுருளின் மின்னழுத்தத்தை அமுக்கிப் பிடிக்க எதுவும் இராது. ரெகுலேட்டர் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் அந்த உயர்ந்த மின்னழுத்தம் நேராக ஜி.பி.எஸ்.ஸுக்குள் போகும். ஃபியூஸ் வழியாக நேராகப் பேட்டரி முனைக்கே கொண்டுசெல்லுங்கள்.

இரண்டாவது, மோட்டாரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போக அவர் வைத்திருக்கும் இருமுனை பிளக். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதி பேட்டரி பக்கம் இருக்கிறது. அதில் எப்போதும் 12 வோல்ட் உயிரோடு நிற்கும். ஈரமான பின்பலகையில் விழுந்தால் உப்புநீரில் ஊசிகள் சில நாளிலேயே தின்னப்பட்டுவிடும். குழியுள்ள பாதி பேட்டரி பக்கமும், ஊசியுள்ள பாதி மோட்டார் பக்கமும் இருக்க வேண்டும். மோட்டாரை நிறுத்திய பிறகே பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

2024 அக்டோபர் 14

லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா என்றால், இந்தச் சுருளோடு நேராகச் சேர்த்து மாறக் கூடாது என்பேன். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று, தனக்கு ஒவ்வாத மின்னழுத்தத்தைக் கண்டதும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும். நேற்று மெயின் சுவிட்ச் பற்றிச் சொன்ன அதே நிலைமை, இம்முறை யாரும் கை வைக்காமலேயே நடக்கும். சுருள் ஒரு சிறிய லெட்-ஆசிட் பேட்டரியை ஏற்றட்டும், அதிலிருந்து டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஏற்றலாம். 18 அடிப் படகுக்கு இத்தனை சம்பிரமம் வேண்டுமா என்பதை அவரவர் பணப்பை முடிவு செய்யட்டும்.

2024 டிசம்பர் 6

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. படகை முன்பே மேடேற்றிக் கட்டி, மோட்டாரையும் பேட்டரியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தெருவில் மின்சாரம் போனபின், அந்த 12 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி. பட்டை ஒன்றை எரியவிட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் கைப்பேசிகளையும் அதிலேயே ஏற்றினார்கள். மின்னழுத்தம் 12.7-இல் தொடங்கி 12.2-க்கு இறங்கியது, அதாவது பாதி காலி.

அப்போது பக்கத்து வீட்டு அண்ணன், “அதுதான் மோட்டார் இருக்கிறதே தம்பி, தண்ணீர் டிரம்மில் மாட்டி ஓட்டிப் பேட்டரியை ஏற்றிவிடலாமே” என்றார். உப்பைக் கழுவ நாம் எல்லோரும் நல்ல தண்ணீர் டிரம்மில் ஓட்டுகிறோம்; ஆகவே யோசனை வேடிக்கையானதாகத் தெரியவில்லை. ஆனால் டிரம்மில் ஐடிலுக்கு மேல் ஓட்ட முடியாது. ஓட்டினால் புரொப்பெல்லர் பாதித் தண்ணீரை வெளியே வாரியிறைத்து, குளிர்விக்கும் தண்ணீரும் போதாமல் போகும். ஐடிலில் கிடைப்பது 0.3 ஆம்பியர். 20 ஆம்பியர்-மணியை மீட்க இரவும் பகலுமாக மூன்று நாள் ஓட்ட வேண்டும். கணக்கைச் சொன்னதும் அண்ணன், “அதற்குள் மின்வாரியமே கரண்ட் கொடுத்துவிடும்” என்றார். கொடுத்துவிட்டார்கள்.

2025 ஜனவரி 19

பொங்கல் விடுமுறையில் 50 வாட் சோலார் தகடு ஒன்றைப் பின்பக்கக் கம்பியில் பொருத்தினேன். வெயில் நன்றாக இருந்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் ஏறுகிறது. மோட்டார் ஐந்து மணி நேரம் உறுமிச் செய்யும் வேலையை, படகு கழிமுகத்தில் சும்மா கிடக்கும்போதே இது செய்துவிடுகிறது. பாயின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி சரிகிறது என்பது உண்மை; வடகிழக்குப் பருவமழை மேகத்தில் இது பெயருக்குத்தான் இருக்கும் என்பதும் உண்மை. அந்த நாட்களுக்குத்தான் சுருள். எனவே பிரிட்ஜ் வாங்கிய காசு வீண் என்று பரவனாறு வருந்த வேண்டாம்.

2025 ஜனவரி 20

இரண்டையும் ஒரே பேட்டரியில் இணைக்கலாமா என்று முதுநகரிலிருந்து உடனே கேள்வி வந்துவிட்டது. இணைக்கலாம். சோலார் கன்ட்ரோலரின் (தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பேட்டரி முனைகளும் மோட்டார் ரெகுலேட்டரின் வெளியீடும் தனித்தனி ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு வரட்டும். வழியில் ஒன்றோடொன்று சேர வேண்டாம். மோட்டார் ஓடும்போது மின்னழுத்தம் உயர்ந்திருப்பதைக் கண்டு சோலார் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்துவிட்டதாக எண்ணி ஒதுங்கிக்கொள்ளலாம். மோட்டார் நின்றதும் தானே திரும்பி வரும்.

சோலார் தகட்டின் நெகடிவ்வை இஞ்சின் உடலில் இணைக்க வேண்டாம். சில கன்ட்ரோலர்களில் தகட்டின் நெகடிவ்வும் பேட்டரியின் நெகடிவ்வும் ஒன்றல்ல. உள்ளே பாசிடிவ் பக்கமே பொதுவாக இருக்கும், மின்னோட்டத்தைத் துண்டிப்பது நெகடிவ் பக்கத்தில் நடக்கும். பரவனாறு தன் கன்ட்ரோலரின் இரண்டு நெகடிவ் முனைகளுக்கும் இடையில், எதையும் இணைக்காத நிலையில், ஓம் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதன் பிறகு ஒயர் வாங்கப் போகலாம்.